உயிர்ச்சத்து டி ஏற்பி

உயிர்ச்சத்து டி ஏற்பி என்பது உயிரணுக்களுள் இருந்துகொண்டு மரபணுக்களின் செயற்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒரு புரதம் ஆகும். இது அணுக்கரு ஏற்பிகள் எனப்படும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதரில் இதற்கான மரபணு 12ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளது. எலும்பு வளர்ச்சியில் மட்டுமன்றி நோய் எதிர்ப்பிலும் பங்கு கொள்வதால் காசநோய் ஆய்வுகளிலும் இது இடம்பெறுகிறது.

செயல்படும் முறை

சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் படுவதால் தோலில் உருவாகும் உயிர்ச்சத்து டி நேரடியாகச் செயல்படுவதில்லை. அது முதலில் கல்லீரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து கால்சிட்ரையால் என்னும் இயக்குநீர் ஆகிறது. கால்சிட்ரையால் பிணைந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. பின்னர் அது ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பி என்னும் மற்றொரு அணுக்கரு ஏற்பியுடன் இணை சேர்ந்து, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்கிறது. அங்கு வந்து சேரும் துணைப் புரதங்கள் டி.என்.ஏ.வின் இறுக்கத்தைத் தளர்த்த, மரபணு படியெடுக்கப்படுகிறது. சில மரபணுக்களில் இதற்கு மாறாகப் படியெடுப்பு குறைகிறது.

குடலில் கால்சியத்தை உறிஞ்ச உதவும் புரதங்களின் மரபணுக்கள் இவ்வாறு தூண்டப்படுகின்றன. கால்சிட்ரையாலைச் சிதைக்கும் நொதியின் மரபணுவும் தூண்டப்படுவதால், இயக்குநீரின் அளவு தானே கட்டுப்படுகிறது. ஏற்பி பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், இரத்தத்தில் கால்சிட்ரையால் மிகுந்திருந்தும் குழந்தைக்கு என்புருக்கி நோய் உண்டாகலாம்.

காசநோய் ஆய்வுகள்

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என அழைக்கப்படுகிறது. இங்கு பி. செல்வராஜ் முதலான ஆய்வாளர்கள், இந்த ஏற்பியின் மரபணுவில் காணப்படும் வேறுபாடுகளுக்கும் நுரையீரல் காசநோய்க்கும் உள்ள தொடர்பை 2000களில் ஆராய்ந்தனர்.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, காசநோய்க் கிருமியை உணரும் விழுங்கணுக்கள் கால்சிட்ரையாலைத் தாமே ஆக்கிக்கொள்வதைக் காட்டியது. அவற்றில் இந்த ஏற்பி கேத்தலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதத்தின் மரபணுவைத் தூண்டுகிறது. இதனால் உயிர்ச்சத்து டி தருவது காசநோயாளிகளுக்குப் பயன்படும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்று 2015இல் வெளியான மருத்துவச் சோதனையில், வழக்கமான மருந்துகளுடன் உயர்ந்த அளவில் உயிர்ச்சத்து டி தரப்பட்டது. ஆயினும் சளியில் கிருமி மறைவதற்கு ஆன காலம் குறையவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மரபணு தூண்டப்படுவது நோயாளி விரைவில் குணமடைவதற்கு உறுதி ஆகாது. உயிர்ச்சத்து டி காசநோய்க் கூட்டு மருந்துகளுக்கு மாற்றும் ஆகாது.