என்.டி.எம்-1

கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும், பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நொதி. மெரோபெனெம் உள்ளிட்ட இம்மருந்துகள், மற்றவை பலிக்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கையில் எடுப்பவை. இந்நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலைக்கு என இனம் விட்டு இனம் தாவும். ஆபத்தின் வேர் இதுவே.

டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய நோயாளியிடம் 2008இல் இந்நொதி கண்டறியப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக 2010இல் வெளியான லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ் இதழ் ஆய்வு, சென்னையில் மட்டும் இந்நொதியுள்ள 44 கிருமி மாதிரிகளைக் காட்டியது. பெயரில் (நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்) தலைநகரம் இருப்பதைப் பற்றிய சர்ச்சையே அப்போது பெரிதாகப் பேசப்பட்டது வருத்தத்துக்குரியது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுப்பதற்கான சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. 2014 மார்ச்சில், ஆன்டிபயாடிக்குகள் உள்ளிட்ட சில மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது: அதிலுள்ள மருந்தை விற்றால் மருத்துவர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றை மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், சென்னை என மாற்றப்படும் நோயாளியின் குடலில் இந்நொதியுள்ள கிருமி அறிகுறியே இல்லாமல் உடன் செல்லக்கூடும். செவிலியர், மருத்துவர் கைகள் வழியே அடுத்த படுக்கைக்கும் போகும். கைச்சுத்தமும், தேவை முடிந்ததும் சிறுநீர் வடிகுழாயை (கதீட்டர்) அகற்றுவதும் முதல் தடுப்பு. வேறு மருத்துவமனைக்கு மாறும்போது கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) அறிக்கையைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.