இரண்டு பேய்களின் ஊர்

"வீக்கெண்டுக்கு உங்க ஊருக்கு வரலாம்னு இருக்கேன்டா, பாக்க என்ன இருக்கு?" என்று எங்கள் டீமில் ஒருவன் கேட்டான். பொய் சொல்ல மனசில்லை. "ஒரு கோயில், ஒரு குளம், ஒரு சுகர் மில், ரோடு பூரா கரும்பு லாரி" என்றேன். அவன் ஏலகிரிக்குப் போய்விட்டான்.

பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டு பாகத்தையும் முதல் நாளே பார்த்த ஆள் அவன். அந்தக் கதையின் முக்கிய முடிச்சு பொறிக்கப்பட்டிருக்கும் செப்பேடு எங்கள் ஊர் பெயரில்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் பிடியுங்கள். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் போன தடம் இது. கடம்பத்தூர், செஞ்சிபனம்பாக்கம், மணவூர் தாண்டினால் திருவாலங்காடு. ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குச் சில கிலோமீட்டர் போகணும், ஆட்டோ இருக்கும். பெயரில்தான் காடு. இருபுறமும் கரும்பும் நெல்லும்தான் தெரியும். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர் திருத்தணிக்குப் போனாலும் ஆலை நிற்பது எங்கள் ஊரில். சீசனில் வந்தால் காற்றே சக்கைப்பாகு வாசம் அடிக்கும்.

வடாரண்யேசுவரர் கோயிலில் சனிக்கிழமை கூட்டம் இருக்கும், மாந்தி தோஷப் பரிகாரத்துக்கு வருகிறவர்கள். நீங்கள் நேராக இரத்தின சபைக்குப் போங்கள். சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், குற்றாலம் சித்திரம், ஆலங்காடு இரத்தினம் என்று சிவன் ஆடிய ஐந்து சபைகளில் இது ஒன்று. இங்கே ஆட்டம் ஊர்த்துவ தாண்டவம், ஒரு கால் தலைக்கு மேல். காளியோடு போட்டி. அவள் சரிக்குச் சரி ஆடிக்கொண்டு வர, இவர் காலை உயரத் தூக்கிவிட்டார். பெண்ணாகையால் அவள் நாணி நின்றாள், தோற்றாள் என்பது புராணம். எட்டு வயதில் இதைக் கேட்டபோதே "இது போங்காட்டம்" என்று சொல்லி ஆயாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இன்றும் அபிப்பிராயம் மாறவில்லை.

அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பவர்தான் இந்த ஊரின் முதல் பேய். காரைக்காலில் வணிகன் பரமதத்தனின் மனைவி புனிதவதி. மாம்பழ அற்புதத்தைக் கண்டு மிரண்ட கணவன், கடல் வணிகம் என்று கிளம்பிப் போய் பாண்டிநாட்டில் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். உறவினர்கள் புனிதவதியை அங்கே கூட்டிப்போய் நிறுத்த, அவன் குடும்பத்தோடு காலில் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த இந்த அழகு இனி எதற்கு என்று சதையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்குகிறாள். கயிலைக்குத் தலையால் நடக்கிறாள். அங்கே கிடைத்த வரத்தின்படி வந்து சேர்ந்த இடம் ஆலங்காடு. எலும்பும் நரம்புமாக உட்கார்ந்து அவர் பாடிய இரண்டு பதிகங்கள் இந்தச் சுடுகாட்டைப் பற்றியவை. ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள்.

அந்த எலும்பு உருவம் நெடுந்தூரம் போயிருக்கிறது. கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் இருக்கிறார். கம்போடியாவில் 967-இல் குடமுழுக்கு கண்ட பந்தே ஸ்ரே கோயிலிலும் ஆடும் சிவனுக்குப் பக்கத்தில் அவரை அடையாளம் காண்கிறார்கள். அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் சம்பந்தரும் சுந்தரரும் ஊருக்குள் கால் வைக்கத் தயங்கினார்கள் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் ராத்தங்கிய இடம் பக்கத்து ஊரான பழையனூர். மத்தியானச் சாப்பாடு முடித்து வெயில் தாழ்ந்ததும் நீங்களும் அங்கே போகணும்.

போகும் வழியில் செப்பேட்டுக் கதை. 1905-இல் கிடைத்த 31 செப்பு ஏடுகள், ஒரு வளையத்தில் கோத்தவை, மேலே சோழ முத்திரை. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டு, அதாவது 1018 வாக்கில், பழையனூரை ஆலங்காட்டு மகாதேவருக்குக் கொடுத்த ஆவணம். பிரமதேயமாக இருந்த ஊரை அந்த நிலையிலிருந்து நீக்கி, வெள்ளான்வகையாக மாற்றிக் கோயிலுக்குத் தருகிறார்கள். தமிழ்ப் பகுதி சுத்தமான ரெவின்யூ டாகுமெண்ட்: உத்தரவு, அதிகாரிகள், எல்லைகள். முன்னால் வரும் சம்ஸ்கிருதப் பகுதி, நாராயணன் என்ற கவி எழுதிய சோழர் வம்ச வரலாறு. ஆதித்த கரிகாலன் இறந்ததும் மக்கள் அருள்மொழியை அரசனாகச் சொல்கிறார்கள். சிற்றப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிடுகிறார். இந்தச் செய்தி இந்தச் செப்பேட்டில் வருகிறது. கல்கி ஐந்து பாகம் நடந்து வந்து சேர்ந்த இடம் இதுதான்.

இதில் ஒரு சிக்கல். 1018 ஆவணத்தின் சம்ஸ்கிருதப் பகுதியில் இராசேந்திரன் கடாரம் வென்றதும் வருகிறது. அந்தப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நடந்தது. கமிட்டில் பழைய தேதி, உள்ளே புது கோட். ஆக, புகழ்ச்சிப் பகுதி பின்னால் எழுதிச் சேர்த்தது என்பதுதான் அறிஞர்கள் முடிவு. வரலாறு என்று நாம் கொண்டாடும் பகுதி பிற்சேர்க்கை. யாரும் படிக்காத நிலப்பட்டாதான் மூலம்.

பழையனூரில் இரண்டாவது பேய். 'நீலிக்கண்ணீர்' என்று யாரையாவது திட்டியிருப்பீர்கள் இல்லையா, அந்த நீலி இவள்தான். காசியில் ஒருவன் இரண்டாம் கல்யாணம் செய்து அவளைக் கூட்டிவருகிறான். ஊரில் முதல் மனைவி இருக்கிறாள் என்பதால் வழியில் இந்தக் காட்டில் வைத்து அவளைக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்னை விட்டுட்டு ஓடுறார்" என்று பழையனூர் வேளாளர் சபை முன்னால் அழுகிறாள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து, அவனைக் காத்து வந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள்.

சம்பந்தர் தன் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தச் சம்பவத்தைத் தொட்டுச் செல்கிறார். ஆக ஏழாம் நூற்றாண்டிலேயே பழைய கதை. சமணர்கள் இவளை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். நீலகேசி காப்பியத்தில் இந்தப் பழையனூர் நீலி, ஒரு முனிவரைப் பயமுறுத்தப் போய், அவரிடமே அறம் கேட்டுச் சமணத்துக்கு மாறி, ஊர் ஊராகப் போய் பௌத்தர் முதலானவர்களை வாதத்தில் மடக்குகிறாள். அழுகைக்குப் பெயர்போனவளுக்கு இப்படி ஒரு வாழ்க்கையைக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத புலவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஊரில் சாட்சிபூதேசுவரர் கோயில் இருக்கிறது. எழுபது பேர் தீப்பாய்ந்த இடத்தில் நினைவு மண்டபமும் உண்டு. சொன்ன சொல்லுக்காகச் செத்தார்கள், நிற்கட்டும். ஆனால் இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கிராமத்து எல்லைக்குள் இரண்டு பெண்கள். இருவரையும் கைவிட்டவன் கணவன். இரண்டு கணவனுக்கும் தொழில் வணிகம் (நீலி கதையில் அடுத்த பிறவியில்). இருவரும் பேயானார்கள். ஒருத்தி கோபத்தைக் காட்டவில்லை; அவள் 'அம்மை', நாயன்மாரில் ஒருவர். ஒருத்தி காட்டினாள், அவள் பெயர் வசவு.

ஆயாகிட்ட ஒருமுறை இதைக் கேட்டேன். தெருவில் யார் அழுதாலும் "நீலி மாதிரி அழுவாத" என்கிற ஆள். வெற்றிலையை மென்றுகொண்டே, "கொன்னவன் பேரு யாருக்குனா தெரியுமா? செத்தவ பேருதான் தெரியும்" என்றாள். கதையில் அவனுக்கும் பெயர் உண்டு. ஆனால் அவன் பெயரை வைத்து யாரும் யாரையும் திட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் நடக்கலாம். இந்த ஆறு 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் வீட்டுக் குழாய்க்கு. வண்டி இருந்தால் பூண்டி பக்கத்திலேயே அத்திரம்பாக்கம்: 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்டெடுத்த இடம். அவற்றில் பழையவை 15 லட்சம் ஆண்டு முந்தையவை என்று 2011-இல் கணித்தார்கள். அங்கே பார்க்க மண்ணும் ஓடையும்தான், மனசில் படம் ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் போங்கள்.

மத்தியானம் ரயிலேறிவிடுங்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் மீதி எழும்பூரில் இருக்கிறது. செப்பேடும் அரசு அருங்காட்சியகத்தில், பதினொன்றாம் நூற்றாண்டுத் திருவாலங்காட்டு நடராசர் செப்புத்திருமேனியும் அங்கேதான். சுற்றிவரும் திருவாசி இல்லை, பறக்கும் சடையும் இல்லை. அதனாலேயே உடம்பு மட்டும் தனியாகத் தெரியும். விக்டர் கோலூபெவ் காட்டிய புகைப்படங்களை வைத்துத்தான் சிற்பி ரோதான் 1913-இல் சிவ நடனம் பற்றிய கட்டுரையை எழுதினார். 1917-இல் அவர் இறந்து, 1921-இல் அது பாரிஸில் அச்சானது. நேரில் அவர் பார்க்கவே இல்லை. ஊரில் பாதிப் பேரும் அப்படித்தான்.

ஆயாவை ஒருமுறை கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நம்ம ஊர்ல தூக்குன கால இங்க எறக்கிட்டாரு" என்றாள். சிதம்பரத்து ஆனந்த நடனம் வேறு, ஊர்த்துவம் வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் பீடத்தின் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "பேயம்மா எங்கடா?" என்றாள். இந்த ஊர்க்காரியை இங்கே காலடியில் வைக்கவில்லை என்றேன்.

அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை லீவு. மற்ற நாளில் மாலை ஐந்துக்குள் போய்விடுங்கள்.