குச்சியும் கலால் வரியும்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். எங்கள் தொழிலின் கதையை எழுதுகிறவர்கள் சிவகாசியில்தான் தொடங்குவார்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றார்கள். ஜெர்மனியிலிருந்து எந்திரம் வரவழைத்தார்கள். பிறகு கைவேலைக்கு மாறினார்கள். உண்மைதான். ஆனால் கரிசலில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு, எந்த வேலைக்கு எந்திரம் வைக்கலாம் என்று வரிச்சட்டம் போட்ட கோடும் பெரிய காரணம்.

மானாவாரி பூமி இது. கம்பும் பருத்தியும் மழை இருந்தால் உண்டு. மற்ற மாதங்களில் வேலை கிடையாது. குச்சி காய வெயில் மட்டும் தாராளம். குச்சிக்கான மென்மரம் இங்கே விளையாது, கேரளத்திலிருந்து வரவேண்டும்.

அந்த மென்மரத் தடியைச் சுழலவிட்டு, கத்தி கொடுத்துத் தகடாக உரிப்பது பீலிங் மெஷின். மரம், தக்கை, எலும்பு, கடின ரப்பர் முதலிய கெட்டிப் பொருள்களை அறுத்து இழைக்கும் எந்திரங்களுக்குச் சுங்க அட்டவணையில் 8465 என்று தலைப்பு. பிளப்பதும் சீவுவதும் 8465.96. தீப்பெட்டிக்கு எண் 3605. எந்திரம் என்ன வேலை செய்கிறது என்று சுங்கம் பார்க்கும். கலால்காரர் பார்த்தது வேறு: பெட்டி உருவான வழியில் மின்சாரம் எங்கே பட்டது?

1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. விம்கோ போன்ற பெரிய எந்திர ஆலைகளுக்கு ஒரு விகிதம், கைத்தொழிலுக்குக் குறைந்த விகிதம் என்ற ஏற்பாடு பிற்பாடு பல உருவில் தொடர்ந்தது. எங்கள் காலத்து அறிவிக்கையில், மரச்சட்டகத்தில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது எல்லாம் பெயர் பெயராக இருந்தன. இவற்றில் மின்சாரம் சேராவிட்டால் சலுகை. மரம் உரிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மோட்டார் மரத்தோடு நின்றது. மிச்சமெல்லாம் பெண்களின் விரலுக்கு வந்தது. கரிசல் கிராமங்களில் எத்தனையோ வீட்டு அடுப்பை அந்தக் கூலி எரியவிட்டது.

பிள்ளைகளின் விரலும் அதில் இருந்தது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையை நாடு முழுக்கப் பேசினார்கள். கைவேலைக்குச் சலுகை தந்த சட்டம், அது யாருடைய கை என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், எந்திரத் தீப்பெட்டிக்கு 18 என்று பழைய கோடு தப்பியது. 2020 ஏப்ரல் 1இல் இரண்டுக்கும் 12 என்று ஆனது. வரி ஒன்றான பின் கைவேலை ஆபீஸுக்குப் பிடிமானம் போய்விட்டது. 2023இல், தீப்பெட்டிக்குப் போட்டியான, 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதியை அரசு தடுத்தது. முதலாளிகளுக்கு மூச்சு வந்தது. குச்சி அடுக்கியே வயதான பெண்களுக்கு அப்படி ஓர் அறிவிக்கை இன்னும் வரவில்லை.