எல்லைகள் நகர்ந்த தோட்டம்: பெங்களூரு லால்பாக்

பெங்களூரு நகரின் தென்பகுதியில் இன்று 240 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் லால்பாக், 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி அதைத் தொடங்கியபோது ஏறத்தாழ 40 ஏக்கர் அளவே இருந்தது. இரண்டரை நூற்றாண்டில் ஆறு மடங்காகப் பெருகிய அந்த வளர்ச்சி ஒரே சீராக நடந்ததன்று. நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, திடீரென்று சில ஆண்டுகளில் வேலியைப் பலமுறை தள்ளி நட்டு, மீண்டும் அடங்கியிருக்கிறது. வேலி நகர்ந்த ஒவ்வொரு முறையும், இத்தோட்டம் யாருக்கானது, என்ன வேலைக்கானது என்ற கேள்விக்கு ஆட்சியிலிருந்தோர் தந்த விடையும் மாறியது.

ஹைதர் அலி முன்மாதிரியாகக் கொண்டது தும்கூர் வட்டாரத்துச் சிரா நகரில் முகலாய ஆளுநர்கள் அமைத்திருந்த தோட்டங்களை என்பர். நேர்கோட்டு நடைபாதைகளால் நிலத்தைச் சதுரங்களாகப் பகுத்து, பாதையோரம் சைப்ரஸ் மரங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு சதுரத்திலும் ஒரே வகைச் செடியை வளர்ப்பது அந்த மரபு. 1800-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், ரோஜாவுக்கு ஒரு சதுரம், மாதுளைக்கு இன்னொன்று எனப் பிரிக்கப்பட்டிருந்த இந்த அமைப்பைத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். தந்தை தொடங்கியதைத் திப்பு சுல்தான் வளப்படுத்தினார். காபூல், பாரசீகம், மொரீஷியஸ் போன்ற தொலைவிடங்களிலிருந்து அவர் விதைகளையும் கன்றுகளையும் தருவித்ததாக வரலாறு கூறுகிறது. அரசரின் உலாவுக்கும் அரண்மனையின் கனித்தட்டுக்கும் உரிய இடமாக இருந்த இத்தோட்டத்தில் ஊர்மக்களுக்கு வேலை இருந்ததே தவிர உரிமை இருந்திருக்க முடியாது.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பதில் தமிழ் வாசகருக்குத் தனி அக்கறை உண்டு. பெங்களூருவின் பூ, காய்கறிச் சாகுபடியைத் தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்த திகளர் சமூகத்தினர் தமிழ் வேர் கொண்டவர்கள். கன்னடத்தில் ‘திகளர்’ என்ற சொல்லே தமிழரைக் குறிக்கவும் வழங்கியது. லால்பாக்கின் தொடக்கக்காலத் தோட்டப் பணியோடு அவர்களை இணைக்கும் வழக்காறு நகரில் இன்றும் உண்டு. சித்திரைப் பௌர்ணமியில் தர்மராயர் கோவிலிலிருந்து திரௌபதியின் பெயரால் கரகம் எடுத்துவருபவர்களும் அவர்களே. தோட்ட வரலாறுகள் மேற்பார்வையாளர்களின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்படுவதால், பாத்தி கட்டியவர்களும் பதியன் போட்டவர்களும் அவற்றில் காணாமல் போயினர்.

1791-இல் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் பெங்களூருவைக் கைப்பற்றியதும், 1799-இல் திப்பு வீழ்ந்ததும் தோட்டத்தைக் கைமாறச் செய்தன. மேஜர் கில்பர்ட் வா என்ற கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரியின் பொறுப்பில் இருந்து, 1819-இல் கவர்னர் ஜெனரலிடம் ஒப்படைக்கப்பட்டு, கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பில் சில காலம் கிடந்தது. 1836-இல் தோன்றிய ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இதை எடுத்து நடத்தி, 1842-இல் கலைந்தும்போனது.

திருப்பம் 1856-இல் வந்தது. அவ்வாண்டில் லால்பாக் அரசுத் தாவரவியல் தோட்டமாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால், சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்னின் பரிந்துரை இருந்தது. தாவரவியல் தோட்டம் என்பது அழகுக்காக மட்டும் அமைவதன்று. செடிகளை இனம்பிரித்துப் பெயரிட்டு வளர்ப்பதும், வேற்று நாட்டுப் பயிர் இம்மண்ணில் பிழைக்குமா என்று சோதிப்பதும், தேறியவற்றின் நாற்றுகளை வெளியே வழங்குவதும் அதன் தொழில்கள். இதற்குப் பயிற்சி பெற்றவராக, லண்டனை அடுத்த கியூ அரச தாவரவியல் தோட்டத்திலிருந்து வில்லியம் நியூ 1858-இல் வந்துசேர்ந்தார். கனித்தோட்டமாக இருந்தது சோதனைக்கூடமாக மாறியது. ஆனாலும் 1874-இல்கூட அதன் பரப்பு 45 ஏக்கர்தான்.

அதே ஆண்டில் பொறுப்பேற்ற ஜான் கேமரூனை இத்தோட்டத்தின் இரண்டாம் நிறுவனர் என்றே சொல்லலாம். 1908 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் பணியிலிருந்தார். 1889-இல் கிழக்குப் புறத்தில் 30 ஏக்கரும், 1891-இல் பாறைக்குன்று அடங்கிய 13 ஏக்கரும், 1894-இல் அக்குன்றின் கீழ்ப்புறமாக 94 ஏக்கரும் சேர்க்கப்பட்டு, மொத்தப் பரப்பு 180 ஏக்கரைத் தாண்டியது. ஐந்தே ஆண்டில் தோட்டம் நான்கு மடங்கானதற்கு, சுற்றிலும் நகரம் அன்று நெருங்கிவராததே வாய்ப்பளித்தது.

இந்த மூன்றில் அளவில் மிகச் சிறியதான 13 ஏக்கர்தான் பொருளில் பெரியது. நாற்று நடவும் வழியில்லாத, மண்ணே ஒட்டாத பாறையை ஒரு தோட்டக்காரர் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார் என்பது வியப்புக்குரியது. அப்பாறை நைஸ் என்னும் உருமாறிய பாறை வகை. பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் தாங்கி, வெளிர்நிறக் கனிமங்களும் கருநிறக் கனிமங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து இறுகியது. குனிந்து பார்த்தால் அந்தப் பட்டைகள் சேலைக்கரை போல நெளிந்தோடுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய இதை இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் பின்னாளில் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்தது. குன்றின் உச்சியில், நகரை உருவாக்கிய கெம்பே கௌடரின் மரபினர் எழுப்பியதாகக் கருதப்படும் சிறு கோபுரம் நிற்கிறது. நகரம் இதுவரை வளரும் என்று நான்கு திசையிலும் நடப்பட்ட எல்லைக் குறிகளுள் அது ஒன்று என்பது மரபு. நகரின் எல்லைக்கல்லையே தோட்டம் 1891-இல் தன் வேலிக்குள் வளைத்துக்கொண்டது.

கேமரூனின் இன்னொரு தடம் தமிழர் சமையலறை வரை நீள்கிறது. மெக்சிகோ பக்கத்துக் கொடியான சௌசௌவை இப்பகுதியில் பரப்பியவராக அவர் குறிக்கப்படுகிறார். கன்னடத்தில் சீமைக் கத்தரி என்று பொருள்படும் பெயரைப் பெற்ற அக்காய், தமிழ்நாட்டுச் சந்தைகளில் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ ஆனது. அதன் ஒற்றை விதை காய்க்குள்ளேயே முளைவிடும் என்பதால், விதையைப் பிரித்தெடுக்காமல் முழுக்காயையே மண்ணில் பதிப்பார்கள். கத்தரிக்கும் அதற்கும் எவ்வகை உறவும் இல்லை, பூசணிக் குடும்பத்துக் காய் அது. ஆனால் பெயர், தாவரவியலை விட வந்த வழியை நன்றாக நினைவில் வைத்திருக்கிறது.

1889 நவம்பர் 30-இல், விக்டோரியா மகாராணியின் பேரரான இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையும் கேமரூன் காலத்ததே. லண்டன் கிரிஸ்டல் பேலஸை நினைவில் வைத்து வடிவமைக்கப்பட்ட இதன் வார்ப்பிரும்பு உறுப்புகள் கிளாஸ்கோவின் சாரசென் வார்ப்பாலையிலிருந்து கடல்வழி வந்தவை. குளிர்நாடுகளில் மென்செடிகளைப் பனியிலிருந்து காப்பதற்கே இத்தகைய கண்ணாடிக் கூடங்கள் எழுந்தன. பனிக்காப்பு தேவைப்படாத பெங்களூருவில் அது மலர்களையும் மனிதர்களையும் ஒரே கூரையின்கீழ்க் கூட்டும் மேடையாகவே பயன்பட்டது. சோதனைக்கூடம் பொதுமக்கள் கூடும் இடமாக மாறத் தொடங்கியது இங்கிருந்துதான்.

கேமரூனுக்குப் பின்வந்த ஜெர்மானியர் குஸ்தாவ் குரும்பிகல், 1908 முதல் 1932 வரை, நிலத்தைச் சேர்ப்பதைவிடத் தோட்டத்தை வேலிக்கு வெளியே அனுப்புவதில் முனைந்தார் எனலாம். ஒருவகை மரம் பூத்து ஓயும்போது அடுத்த தெருவில் வேறுவகை பூக்கத் தொடங்குமாறு சாலை மரங்களைத் தேர்ந்த அவருடைய முறையே நகரின் நிறத்தை மாதாமாதம் மாற்றியது. அடுத்து வந்த ஜவராயா இப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். அவர் காலத்தில், 1935-இல், கண்ணாடி மாளிகைக்குச் சேர்த்த கிழக்குச் சிறகுக்கு இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வரவில்லை; மைசூர் அரசே பத்ராவதியில் நிறுவிய ஆலையிலிருந்து வந்தது. விடுதலைக்குப் பின் 1951 முதல் 1974 வரை மரிகௌடா பொறுப்பிலிருந்தார்.

அதற்குள் நகரம் நான்கு புறமும் சூழ்ந்துவிட, தோட்டத்தின் சிக்கல் தலைகீழானது. 180 ஏக்கரைக் கடந்து 240-ஐ எட்டியதோடு விரிவாக்கம் முடிந்து காவல் தொடங்கியது. அரசுப் பூங்காக்களைக் காக்க 1975-இல் கர்நாடக அரசு தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. 2009-இல் மெட்ரோ ரயிலின் மேம்பாதைக்காகத் தோட்டத்தின் சுற்றுச்சுவர் இடிக்கப்பட்டபோது, இழக்கவிருந்த நிலம் 240 ஏக்கரில் சிறு கீற்றுதான். எனினும் மாணவரும் முதியோரும் தெருவில் நின்று தடுக்க முயன்றனர். எந்த அரசரின் தோட்டத்துக்கும் இப்படி ஒரு காவற்படை வாய்த்ததில்லை. மரங்கள் வீழ்ந்தன, தூண்கள் எழுந்தன, 2017-இல் ரயில் ஓடத் தொடங்கியது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டிக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில், லால்பாக் என்ற பெயரையே தாங்கிய நிலையத்தில் அந்த ரயிலிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் இறங்கி மேற்கு வாயிலை நோக்கி நடக்கின்றனர்.