முழக்கமும் மாண்டலினும்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அதனைப் பெரும்பாலும் இனிமையின் வரலாறாகவே எழுதுவர். ஆனால் அது ஓசைப் பெருக்கத்தின் வரலாறும் ஆகும். மண்டபங்கள் பெரிதாகக் கேட்போர் தொகையும் பெருகியது. மென்குரல் வாய்ந்த கருவிகள் பின்னே தள்ளப்பட, உரத்த குரலுடையவை முன்னே வந்தன. அவ்வாறு பன்முறை பின்தள்ளப்பட்ட கருவிகளுள் மாண்டலினும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டு கண்ட இசைவகைகளுள் மிக உரத்தவையாகிய 'ஹார்ட் றொக்', 'ஹெவி மெற்றல்' என்பவற்றின் பாடல்களை இன்று பலர் அச்சிறிய கருவியில் வாசிக்கின்றனர். முதன்முறை கேட்போர் நகைக்கின்றனர். சிங்கத்தின் கர்ச்சனையைச் சிட்டுக்குருவி பாடிக்காட்டப் புகுந்தது போல் அவர்களுக்குத் தோன்றுகின்றது. ஆயினும் அக்கருவி வந்த வழியையும் அவ்விசை பிறந்த வழியையும் ஒருங்கு வைத்து நோக்கினால், இவை ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல என்பது புலனாகும்.

மாண்டலினின் தாயகம் இத்தாலி. பேரிக்காயைப் பிளந்து கவிழ்த்தாற் போன்ற உடலும் குறுகிய கழுத்தும் உடைய அக்கருவிக்கு, நேப்பிள்ஸ் நகரத்து வினாச்சியா குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டிலே செம்மையான அமைப்பை அளித்தனர். எட்டுத் தந்திகள்; அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு சோடிகள்; சுருதியமைப்பு வயலினுடையதே. பெரும் புலவர்களும் அதனைப் புறக்கணித்தாரல்லர். விவால்டி அதற்கெனத் தனி இசைப்படைப்பு ஒன்றை இயற்றினார். 1787ஆம் ஆண்டு பிராக் நகரில் அரங்கேறிய 'டொன் ஜியோவன்னி' என்னும் இசைநாடகத்தில், சாளரத்தின் கீழ் நின்று காதற்பாட்டுப் பாடுபவனுக்குத் துணையாக மொசார்ட் மாண்டலினையே ஒலிக்கச் செய்தார். பீத்தோவனும் 1796ஆம் ஆண்டளவில் அதற்குச் சில சிறு படைப்புகளை எழுதினார்.

எனினும் பெரிய வாத்தியக் குழுவில் அதற்கு நிலையான ஆசனம் கிடைக்கவில்லை. அதன் குறை வெளிப்படையானது. தந்தியை மீட்டிய கணத்தில் எழும் ஒலி மறுகணமே தேய்ந்துவிடும். வில்லால் இழுக்கப்படும் வயலினைப் போல ஒரு சுவரத்தை நீட்டிப் பிடித்து நிற்க அதனால் இயலாது. அக்குறையை நிரப்புவதற்காக, கையிலுள்ள சிறு தகட்டை மேலும் கீழும் மிக விரைவாக அசைத்து, ஒரே சுவரத்தை இடையறாது அதிரச் செய்யும் முறையை வாசிப்போர் கைக்கொண்டனர். பஸ்குவாலே வினாச்சியா என்பார் 1835ஆம் ஆண்டளவில் உருக்குத் தந்திகளைப் பூட்டி, அதன் குரலை ஓரளவு உயர்த்தினார். உரக்க ஒலிக்க வேண்டும் என்னும் வேட்கை அன்றே அதனைப் பற்றிக்கொண்டது எனலாம்.

மாண்டலின் அமெரிக்காவிற் பரவிய கதை சுவையானது. 1880ஆம் ஆண்டு 'ஸ்பானிய மாணவர்' என்று பெயர் பூண்ட குழுவொன்று நியூ யோர்க் நகருக்கு வந்து பெரும் புகழ் ஈட்டியது. அவர்கள் கையிலிருந்தது பண்டூரியா என்னும் ஸ்பானியக் கருவி. ஆங்குக் குடியேறியிருந்த இத்தாலியர் சிலர் அதே கோலம் பூண்டு, தம் மாண்டலின்களுடன் மேடையேறினர். மக்கள் வேறுபாடு அறியாது அவர்களையும் வரவேற்றனர். ஒரு மயக்கத்திலே பிறந்த அவ்விருப்பம் ஊர்கள்தோறும் மாண்டலின் சங்கங்கள் தோன்றுமளவுக்கு வளர்ந்தது.

அக்காலத்திலே மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூ என்னும் ஊரில் ஓர்வில் கிப்சன் என்பவர், வயலினைப் போல மேற்பலகையை வளைவாகச் செதுக்கி மாண்டலின் செய்யும் முறையைக் கண்டு, 1898இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் 1902இல் ஒரு கம்பனி நிறுவப்பட்டது. அதன் பெயரில் மாண்டலின் என்னும் சொல்லே முன்னின்றது. கிற்றார் அதன் பின்னே வந்தது. 1922இல் அக்கம்பனியைச் சேர்ந்த லொயிட் லோர் என்னும் வல்லுநரின் மேற்பார்வையில் 'எஃப் 5' என்னும் மாண்டலின் வெளிவந்தது. கருவி உயர்ந்தது, காலமோ மாறிவிட்டது. ஜாஸ் இசையின் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் இடையே கேட்கத்தக்க பாஞ்சோவையே மக்கள் நாடினர். எஃப் 5 பெரிதாக விலைபோகவில்லை. 1924இன் முடிவோடு லோர் அக்கம்பனியை விட்டு நீங்கினார்.

இங்கே ஒரு செய்தியை மனத்திற் கொள்ளல் வேண்டும். மாண்டலினுக்காக எழுந்த இதே கிப்சன் கம்பனிதான் 1952இல் 'லெஸ் போல்' என்னும் மின்கிற்றாரைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதற்கு உட்குடைவான உடல் இல்லை. கனத்த மரக்கட்டையே உடல். தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்ற, மின்பெருக்கி அதனைப் பெருமுழக்கமாக வெளியிடும். லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் கையிற் புகழ்பெற்றது இந்த லெஸ் போலே. பிளாக் சபத் குழுவின் ரோனி அயோமி ஏந்தியதும் அக்கம்பனியின் மற்றொரு கிற்றாரே. மாண்டலின் செய்த மனையிலேதான், மாண்டலினின் குரலை விழுங்கவல்ல கருவியும் பிறந்தது.

அதற்கு முன்னரே மாண்டலின் மற்றொரு வழியாலும் றொக் இசையின் முன்னோருள் இடம் பெற்றுவிட்டது. கென்ற்றக்கி மாநிலத்திலே 1911இற் பிறந்த பில் மன்றோ, தம் குடும்பத்துப் பிள்ளைகளுள் இளையவர். மூத்தவர்கள் பிடிலையும் கிற்றாரையும் எடுத்துக்கொள்ள, எஞ்சிய மாண்டலின் அவருக்கு வாய்த்தது. அவர் மிக உரக்க வாசித்துவிடலாகாது என்று கருதி, எட்டுத் தந்திகளுள் நான்கைக் கழற்றிவிடும்படி அண்ணன்மார் பணித்தனர் என்று சொல்லப்படுகின்றது. அவ்வாறு அடக்கப்பட்ட இளைஞரே பிற்காலத்தில் 'புளூகிராஸ்' என்னும் இசைவகையைத் தோற்றுவித்தார். விலைபோகாத எஃப் 5 மாண்டலின்களுள் ஒன்றை அவர் புளோரிடா மாநிலத்து முடிதிருத்தகம் ஒன்றிற் கண்டு வாங்கினார். அவர் குழுவிலே முரசு இல்லை. இரண்டாம் நான்காம் தட்டுகளிலே மாண்டலினை வெட்டினாற்போல் அடித்து, உடனே தந்திகளை அடக்கி, முரசின் பணியை அதனைக் கொண்டே செய்வித்தார். அவர் 1946இல் ஒலிப்பதிவு செய்த 'புளூ மூன் ஒஃப் கென்ற்றக்கி' என்னும் பாடலை, 1954இல் எல்விஸ் பிரெஸ்லி வேகங்கூட்டிப் பாடித் தம் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளியிட்டார். மன்றோவின் பெயர் 1997இல் றொக் இசையின் புகழ்மண்டபத்தில் முன்னோடிகள் வரிசையிற் சேர்க்கப்பட்டது தகுதியானதே.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். பர்மிங்ஹாம் நகரிலே தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த அயோமி என்னும் இளைஞர், பதினேழாம் வயதில் இயந்திரத்திற் சிக்கி இருவிரல்களின் நுனியை இழந்தார். தாமே செய்த உறைகளை விரல்களில் மாட்டி, மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டி, பின்னர் அத்தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தி அவர் வாசித்தார். 1970இல் வெளிவந்த பிளாக் சபத் இசைத்தட்டுகளிலிருந்தே ஹெவி மெற்றல் தொடங்குகின்றது என்பர். அதே காலத்தில் உரத்த இசைக்குப் பெயர்போன லெட் செப்பலின் குழு, ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மனையிலே தங்கித் தன் நான்காம் இசைத்தட்டை ஆக்கிக்கொண்டிருந்தது. ஓரிரவு கணப்பினருகே இருந்த பேஜ், தம் தோழர் ஜோன் போல் ஜோன்ஸின் மாண்டலினைக் கையில் எடுத்தார். அதற்குமுன் அக்கருவியை வாசித்தறியாத அவர் விரல்களிலே ஒரு பாடல் உருவாயிற்று. 'எவர்மோர்ப் போர்' என்று பொருள்படும் பெயருடைய அப்பாடலிலே முரசு முழங்கவில்லை, மின்கிற்றார் கர்ச்சிக்கவில்லை. மாண்டலினே போரின் பரபரப்பு முழுவதையும் தாங்கி நிற்கின்றது. 1971 நவம்பரில் அவ்விசைத்தட்டு வெளிவந்தது. பின்னாளில் ஜோன்ஸ் மூன்று கழுத்துகளையுடைய கருவியொன்றை மேடையில் ஏந்தினார். அவற்றுள் ஒரு கழுத்து மாண்டலினுடையது.

கனத்த இசை இச்சிறு கருவியிற் படிவது எங்ஙனம்? அதன் மறுமொழி சுருதியமைப்பிலே உள்ளது. ஹார்ட் றொக் இசையின் உயிர்நாடி, ஆதார சுவரத்தையும் அதன் ஐந்தாம் சுவரத்தையும் சேர்த்து ஒலிப்பதாகும். மின்பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் இயக்கி ஒலியைக் கரகரக்கச் செய்யும்போது, பல சுவரங்கள் கூடிய ஒலிக்கோவை குழம்பிவிடும். இவ்விரு சுவரங்களின் கூட்டுமட்டும் தெளிவாக நிற்கும். நம் வழக்கிற் கூறின், இது சட்சமும் பஞ்சமமும் சேர்ந்த சேர்க்கை. பழந்தமிழிசை குரலென்றும் இளியென்றும் வழங்கிய இணை. கச்சேரியிலே பாடகருக்குப் பின்னால் தம்புரா ஓயாது ஒலித்துக் கொண்டிருப்பதும் இதனையே. கிற்றாரில் அடுத்தடுத்த தந்திகளின் சுருதி பெரும்பாலும் நான்காம் சுவர இடைவெளியில் அமைந்திருத்தலால், இக்கூட்டைப் பிடிக்க இருவிரல்கள் வேண்டும். மாண்டலினிலோ அடுத்தடுத்த சோடிகள் ஐந்தாம் சுவர இடைவெளியிலேயே கட்டப்பட்டுள்ளன. ஒரு விரலை இரு சோடிகளின் குறுக்கே வைத்தால் அதுவே போதும். அவ்விசையின் முதுகெலும்பு இக்கருவியில் இயல்பாகவே அமைந்துள்ளது.

வலக்கையின் தொழிலும் அவ்வாறே. ஒலி தேய்ந்துவிடுவதை மறைக்க நேப்பிள்ஸ் வாசிப்போர் கைக்கொண்ட அந்த இடையறா மீட்டலை, மெற்றல் இசையின் கடுமையான வகைகளை வாசிக்கும் கிற்றார்க் கலைஞரும் தம் விரைவுக்காகக் கையாளுகின்றனர். நெட்டொலி ஒன்றின்பின் இரு குற்றொலிகளை அடுக்கிச் செல்வதும், குதிரையோட்டம் என வாசிப்போர் அழைப்பதுமாகிய தாளநடை மாண்டலினுக்கு நன்கு இசைகின்றது. மன்றோவின் வெட்டடி முரசின் இடத்தை நிரப்புகின்றது.

இவ்வளவும் கூறியபின் குறைகளை மறைத்தல் நேர்மையன்று. கிற்றாரின் தந்தி நீளம் ஏறக்குறைய 65 சதமமீற்றர்; மாண்டலினுடையது 35 சதமமீற்றர் அளவே. கிற்றாரின் மிகத் தாழ்ந்த சுவரம் மாண்டலினின் மிகத் தாழ்ந்த சுவரத்துக்கு ஒரு ஸ்தாயிக்கும் மேலாகக் கீழே கிடக்கின்றது. நெஞ்சை அதிர வைக்கும் அந்த அடிநாதம் இதில் வாராது. இறுகிய சோடித் தந்திகளை இழுத்துச் சுவரத்தை வளைப்பதும் கடினம். வெறும் முழக்கத்தாலும் மின்கரகரப்பாலும் நின்ற பாடல் மாண்டலினில் வெறுங்கூடாகிவிடும். நல்ல மெட்டும் உறுதியான தாளக்கட்டும் உடைய பாடலோ அதே கருவியிலே புதுத்தெளிவுடன் எழுந்து நிற்கும்.

இப்பரீட்சையை அண்மைக் காலத்திற் பலர் செய்து பார்த்தனர். ஏசி டிசி குழுவின் பாடல்களைப் புளூகிராஸ் முறையில் வாசித்து, ஹேசீட் டிக்சி என்னும் அமெரிக்கக் குழு 2001இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. பெயரிலேயே நகைப்பு இருந்தது. வாசிப்பிலோ முறையான பயிற்சி இருந்தது. மன்றோவின் குழுவில் ஒருகாலத்திற் பாஞ்சோ வாசித்த டொன் ரெனோவின் மகன் டேல் ரெனோ, அக்குழுவிற் பல ஆண்டுகள் மாண்டலின் வாசித்தார். அலபாமா மாநிலத்து அயன் ஹோர்ஸ் குழு 2003இல் மெற்றாலிக்காவின் பாடல்களை நகைப்பின்றியே புளூகிராஸ் ஆக்கியது. 2014இற் பின்லாந்து நாட்டுக் குழுவொன்று, பாஞ்சோ முதலிய நாட்டுப்புறக் கருவிகளைக் கொண்டு ஏசி டிசியின் பாடலொன்றை வாசித்த காட்சி உலகெங்கும் பரவியது. நகைக்க வந்தோர் பாடல் முடியும்வரை இருந்து கேட்டனர்.

தமிழ் இரசிகர்க்கு இவ்வனுபவம் புதிதன்று. ஆந்திர மாநிலத்துப் பாலக்கொல்லுவில் 1969இற் பிறந்து சென்னையில் வாழ்ந்த யூ. ஸ்ரீநிவாஸ், கர்நாடக சங்கீதத்துக்கு மாண்டலினைக் கொணர்ந்தபோதும் ஐயுற்றோர் இருந்தனர். ஒலி நில்லாத கருவியிற் கமகம் எங்ஙனம் பிறக்கும் என்பது அவர்கள் வினா. அவர் மின்மாண்டலினை எடுத்து, சோடிகளை நீக்கி, ஐந்து தனித்தந்திகளைப் பூட்டினார். தந்தி இழுப்புக்கு இசைந்தது, நாதம் நின்றது. 2014இல் அவர் மறைந்தபோது மாண்டலின் என்னும் சொல் அவர் பெயரின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்டிருந்தது.

கென்ற்றக்கிச் சிறுவனுடைய மாண்டலினில், அவன் குரல் எழலாகாதென்று நான்கு தந்திகளைக் கழற்றினர். பாலக்கொல்லுச் சிறுவனோ, தன் கருவி முழுக்குரலிற் பாடவேண்டுமென்று சோடிகளைக் களைந்தான். இருவர் கையிலும் அக்கருவி, பெரியோர் அதற்கு வகுத்த அளவினுள் அடங்கவில்லை. இன்று மாண்டலினில் மெற்றல் பாடலை வாசித்துப் பழகும் இளைஞரைக் கண்டு நகைப்போர், நகைத்தபின் சற்றே நின்று செவிகொடுப்பாராக. முழக்கம் நீங்கியபின் பாடலிலே எஞ்சுவது எது என்பதை அவ்வெட்டுத் தந்திகள் ஒளிவின்றிக் காட்டிவிடும்.