வெள்ளிப் பதக்கத்தில் ஒரு வேழம்

மன்னர்கள் தாம் பெற்ற வெற்றியைக் கல்லிலும் செம்பிலும் பொறித்து வைத்தல் உலகெங்கும் உள்ள வழக்கம். பாரத மண்ணில் நிகழ்ந்த ஒரு போரைக் காட்டும் தொன்மையான வெள்ளிப் பதக்கம் ஒன்று 1887-ஆம் ஆண்டில் லண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையை அடைந்தது. அது கிடைத்த இடம் புகாரா நாட்டுப் பக்கம் என்பர். எடை ஏறத்தாழ 40 கிராம், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஓரிரு குறியெழுத்துக்களைத் தவிர அதில் வேறு எழுத்தில்லை. அரசன் பெயர்தானும் இல்லை.

அதன் ஒரு புறத்தே இருவரைச் சுமந்து பின்வாங்கும் யானை. அதனை நீண்ட ஈட்டியுடன் துரத்தும் குதிரைவீரன். யானைமேல் பின்னால் அமர்ந்தவன் புறங்காட்டி ஓடவில்லை; திரும்பி எதிர்த்து நிற்கிறான். மறுபுறத்தே கவசம் பூண்டு நிற்கும் மன்னனுக்கு யவனரின் வெற்றித் தேவதை பறந்து வந்து முடி சூட்டுகிறாள். அவன் கையிலோ இடிப்படை! அது யவனர் தம் தேவராஜனான சேயுஸின் ஆயுதம்; நம் இந்திரனுக்கு வச்சிரம் போன்றது. மானிடன் ஒருவன் தெய்வப் படைக்கலத்தைத் தாங்கி நிற்பது நம்மவர் கண்ணுக்கு உறுத்தலாகவே தோன்றும்.

பிற்காலப் பாக்திரிய யவனர் ஒருவரது பதக்கமாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினர். பின்னரே அது அலெக்ஸாந்தர் கி.மு. 326-ல் போரஸை வென்றதன் நினைவு எனத் துணிந்தனர். 1973-ல் பாபிலோன் பகுதிப் புதையலொன்றில் இவ்வகையின மேலும் பல கிடைத்தபின் ஐயம் பெரிதும் நீங்கிற்று.

உமாதேவியே நதியாக இறங்கினாள் என்று காஷ்மீரத்து நீலமத புராணம் போற்றும் விதஸ்தா நதியே இன்றைய ஜீலம். அதன் கீழ்க்கரை நாட்டை ஆண்ட பௌரவனையே யவனர் போரஸ் என்றனர். தக்கசீலத்து அரசன் முன்னரே பணிந்துவிட்டான்; இவனோ பணிய மறுத்தான். மழையும் இடியும் நிறைந்த ஓர் இரவில் அலெக்ஸாந்தர் ஆற்றின் மேற்பக்கமாகச் சென்று கடந்தான். நம்மவர் தேர்கள் சேற்றில் அழுந்தின. தரையில் ஊன்றிக் காலால் மிதித்து வளைக்கும் நெடுவில் ஈரமண்ணில் வழுக்கிற்று. (அவ்வில்லேந்திய வீரனையும் அதே வரிசையைச் சேர்ந்த சிறு வெள்ளிக் காசுகளிற் காணலாம்.) யானைகள் இருநூறு என்று அரியன் கூற, வேறு ஆசிரியர் குறைத்தே கூறுவர். புண்பட்ட யானைகள் பகைவர் சேனையையும் தம் சேனையையும் ஒருங்கே மிதித்தன.

இனி ஒரு வியப்பு. இரு மன்னரும் நேர்நின்று பொருதனர் என்று அரிஸ்தபூலஸ் எழுதி அலெக்ஸாந்தர் முன்னிலையிலேயே படித்தாராம். அம்மன்னன் அச்சுவடியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்து, ஒரே எறியில் யானையைக் கொன்றதாக எழுதிய உம்மையும் எறிதல் தகும் என்றானென லூசியன் என்னும் யவன ஆசிரியர் உரைக்கிறார். குதிரைவீரன் அலெக்ஸாந்தரே என்று கொண்டால், ஏட்டில் நீரோடு போன அப்புகழுரை வெள்ளியில் நிலைத்துவிட்டது! அவன் தக்கசீலத்து அரசன் என்று கருதுவாரும் உளர். போரிறுதியில் சமாதானம் பேச விரைந்து வந்த அவனைப் போரஸ் திரும்பி ஈட்டியால் எறிய முயன்றதை அரியன் குறித்துள்ளமையால், அதுவும் பொருந்தாததன்று.

தோற்ற மன்னனைப் பற்றி யவனர் எழுதியவையே நமக்குக் கிடைத்த செல்வம். நம் நாட்டு நூல்கள் இப்போரைப் பற்றி வாய் திறக்கவில்லை. வலத்தோளிற் காயமுற்று நின்ற போரஸ், தன்னை எவ்வாறு நடத்தவேண்டும் என்று வினவப்பட்டபோது, அரசனை நடத்துமாறு நடத்துக என்றானாம். நாடும் திரும்பக் கிடைத்தது; மேலும் நிலமும் சேர்ந்தது. அவன் ஏறியிருந்த யானையோ, அவன் சோர்ந்ததை உணர்ந்து மெல்ல மண்டியிட்டுத் துதிக்கையால் அவன் மேனியில் தைத்த ஈட்டிகளை ஒவ்வொன்றாகப் பறித்ததெனப் புளூதார்க் எழுதுகிறார்.

இவ்வரலாறு ஒரு கோயிலிலும் இடம் பெற்றதாம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டினரான பிலோஸ்த்ராதஸ் தக்கசீலத்து ஆலயமொன்றை விரித்துரைக்கிறார். அவர் கூறுவதையெல்லாம் சரித்திர ஆசிரியர் ஏற்பதில்லை. ஆயினும் இது கேட்கத் தக்கது. அவ்வாலயச் சுவர்களில் இரு மன்னரின் செயல்களும் செப்புத் தகடுகளிற் பொறிக்கப்பட்டிருந்தன. அலெக்ஸாந்தர் வெல்வதும், புண்பட்ட போரஸுக்கு நாட்டைத் திருப்பித் தருவதும் அவற்றிற் காணப்பட்டன. அவற்றை அமைத்தவன் வென்றவன் அல்லன். அலெக்ஸாந்தர் இறந்தபின் போரஸே அமைத்தானாம்.

போரஸின் பக்கம் நின்று வீரத்தோடு பொருத யானை ஒன்றை அலெக்ஸாந்தர் சூரியபகவானுக்கு அர்ப்பணித்தான் என்றும் அவர் கூறுகிறார். அதன் தந்தங்களில் பொற்பூண். பூணில் யவன எழுத்து. போர் நிகழ்ந்து 350 ஆண்டுகள் கடந்த பின்னும் அவ்யானை அங்கு வாழ்ந்ததென்றும், ஊரார் அதற்கு நறுந்தைலம் பூசி மாலை சூட்டி வந்தனரென்றும் அவர் எழுதியுள்ளார்.