துரத்தப்பட்டவர்களின் அடுத்த அத்தியாயம்

துரத்தப்பட்ட சமூகங்களின் வரலாற்றை, அவை பட்ட துன்பத்தோடு நிறுத்திவிடுவது பலரின் வழக்கம். அடுத்த அத்தியாயத்தையும் புரட்டவேண்டும் என்பதே எனது கருத்து. அமெரிக்காவின் மோர்மன்கள் இதற்குத் தக்க உதாரணம்.

1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் ஒரு புதிய கிறிஸ்தவ சபையை நிறுவினார். மறு வருடமே, அன்று நாட்டின் மேற்கு எல்லையாயிருந்த மிசூரி மாநிலத்தின் ஜக்ஸன் மாவட்டத்தைத் தம்மவரின் புனித பூமியென அறிவித்தார். மோர்மன்கள் குடும்பம் குடும்பமாக வந்து காணி வாங்கிக் குடியேறினர்.

முன்னரே அங்கிருந்தோர் இதைப் பொறுக்கவில்லை. மதவெறுப்பு மாத்திரம் இதற்குக் காரணமல்ல. மிசூரி, அடிமைமுறை நிலவிய மாநிலம். வந்தோரிற் பெரும்பாலோர் வடபகுதியினர். அவர்கள் ஒரே அணியாக வாக்களித்தார்கள். இம்மண் இறைவன் எமக்குத் தந்தது என்றும் பேசினார்கள். 1833இல் அவர்களது அச்சகம் தகர்க்கப்பட்டது. அவ்வருடம் முடியுமுன் மாவட்டத்தைவிட்டே விரட்டப்பட்டார்கள். 1836இல் கோல்ட்வெல் என்ற புதிய மாவட்டம் அவர்களுக்கென உருவாக்கப்பட்டது. தொகை பெருகி, அதற்கு வெளியிலும் அவர்கள் குடியேறவே பிணக்கு மீண்டும் மூண்டது.

1838 ஆகஸ்ட் 6ஆம் திகதி கலட்டின் என்ற ஊரில் மோர்மன்களை வாக்களிக்கவிடாது தடுத்ததால் கைகலப்பு ஏற்பட்டது. ஒக்டோபரில் டி விட் குடியிருப்பிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இம்முறை அவர்கள் வாளாவிருக்கவில்லை. கலட்டினுக்குள் புகுந்து கொள்ளையிட்டார்கள், தீயும் வைத்தார்கள்.

ஒக்டோபர் 25ஆம் திகதி குரூக்கட் ஆற்றங்கரையில் மாநில மிலிஷியாவின் ஒரு பிரிவை மோர்மன்கள் தாக்கினர். மிலிஷியா என்பது சம்பளப் பட்டாளமன்று. அயலிலுள்ள விவசாயிகளும் கடைக்காரரும் துப்பாக்கி ஏந்திய ஊர்ப்படை. ஆகவே, பகையாளியே காவலனாகவும் இருந்தான். மோதலில் மோர்மன்கள் மூவரும் மிலிஷியாவில் ஒருவரும் மாண்டனர். ஆனால் பெருங்கொலை நடந்ததாகவே வதந்தி பரவியது. 27ஆம் திகதி ஆளுநர் லில்பேர்ன் பொக்ஸ், மோர்மன்களை அழிக்கவேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்டவேண்டும் என எழுத்திலேயே ஆணையிட்டார்.

30ஆம் திகதி ஏறத்தாழ 240 குதிரைவீரர்கள் ஹோன்ஸ் மில் என்ற சிறு குடியிருப்பைச் சூழ்ந்தனர். ஆண்கள் கொல்லன் பட்டறைக்குள் ஒதுங்கினார்கள். சுவர்மரங்களின் இடைவெளிகளினூடாகவே சுட்டார்கள். மாண்டோர் 17 பேர். துருத்தியின் கீழ் ஒளிந்திருந்த பத்து வயதுச் சிறுவனும் அவர்களில் ஒருவன். பயந்து நடுங்கியிருந்த உறவினர், சடலங்களை வெட்டி முடியாத கிணற்றிலிட்டு மூடினர். இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்த இருளிலும் ஒரு மனிதன் தெரிகிறான். சரணடைந்த ஸ்மித்தைப் பகிரங்கமாகச் சுடும்படி மேலதிகாரி கட்டளையிட்டபோது, மிலிஷியாத் தளபதி அலெக்சாண்டர் டொனிபன் அதைக் கொலையென்று கூறி மறுத்துவிட்டார். கட்டளை நிறைவேறவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இலினோய் மாநிலத்துக்கு நடந்தார்கள். அங்கே குவின்ஸி நகர மக்கள் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்தார்கள். விரட்டப்படுவது என்றால் என்னவென்று நமது வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அடுத்த அத்தியாயம் இதுதான். 1844இல் ஸ்மித் சிறையிலேயே கொல்லப்பட்டார். 1847இல் மோர்மன்கள் யூட்டா சென்றார்கள். 1857இல் அமெரிக்க இராணுவம் தம்மை நோக்கி வருவதையறிந்து அஞ்சியிருந்தபோது, ஆர்கன்சோவிலிருந்து மேற்கே பயணித்த குடும்பங்கள் அவ்வழியாக வந்தன. செப்டெம்பர் 11ஆம் திகதி மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில், வெள்ளைக்கொடி காட்டிப் பாதுகாப்பு வாக்களித்து, ஆயுதங்களை வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 120 பேரைக் கொன்றார்கள். உயிர்தப்பியவர்கள் 17 குழந்தைகள் மாத்திரமே. கொன்றது மோர்மன் மிலிஷியா. பையூட் பழங்குடியினர் சிலரும் உடனிருந்தார்கள். அந்த வாக்குறுதியை வழங்கிய ஜோன் டி. லீ, 1838இல் கலட்டின் கைகலப்பில் அடிபட்டோர் பக்கம் நின்றவர். இக்கொலைகளுக்காக 1877இல் மரணதண்டனை பெற்றவர் அவர் ஒருவரே.

மிசூரியின் ஆணை 1976இல்தான் இரத்துச் செய்யப்பட்டது. அதற்கு 138 வருடங்கள் சென்றன. மவுண்டன் மெடோஸ் கொலைகளுக்கு மோர்மன் சபை 2007இல், 150 வருடங்களின் பின், வருத்தம் தெரிவித்தது. இரு தரப்பும் தத்தம் பிழையை ஏற்க எடுத்த காலம் ஏறத்தாழ ஒன்றே.

நேற்றைய மழ்லூம் என்பது இன்றைய அநியாயத்துக்கு அனுமதிப்பத்திரமல்ல. துன்பம் தானாகவே எவருக்கும் நீதியைக் கற்பிப்பதில்லை. அதை நாமேதான் கற்கவேண்டும். நமது பிள்ளைகளுக்கும் கற்பிக்கவேண்டும்.